86 கிலோ, 5 அடி 7 அங்குலம்: மாடலிங்குக்கு ரூ.45,000 கேட்கிறார்கள், கட்டலாமா?

ராயபுரம் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். வயது 26. பெருங்குடியில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை. உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 86 கிலோ. கடையில் டபுள் எக்ஸ்எல் எடுப்பேன், சில கடைகளில் அதுவும் பத்தாது.

போன தீபாவளிக்குத் தோழி ஒருத்தி தன் பொட்டிக் குர்திகளை எனக்குப் போட்டுவிட்டு மொட்டை மாடியில் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். இரண்டு டிசைன் மூன்றே நாளில் தீர்ந்துபோனது. வாங்கியவர்களில் பாதிப் பேர் “போட்டிருக்கிற அக்கா என்ன சைஸ்?” என்றுதான் முதலில் கேட்டார்களாம். அன்றிலிருந்து எனக்கு இந்த ஆசை பிடித்துக்கொண்டது.

இரண்டு வாரம் முன்னால் ஒரு ஏஜென்சியிலிருந்து போன். பிளஸ் சைஸில், அதாவது பெரிய அளவு உடைகளுக்கான மாடலிங்கில், எனக்கு நல்ல எதிர்காலம் என்றார்கள். பதிவு, போர்ட்ஃபோலியோ (காட்டுவதற்கான பட ஆல்பம்), கிரூமிங் (நடை, தோற்றப் பயிற்சி) எல்லாம் சேர்த்து ரூ.45,000. அதில் 15,000 இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். கட்டலாமா? மும்பைக்குப் போனால்தான் வேலையா? அப்புறம் இந்த எடைக் குழப்பம் வேறு. பத்து கிலோ குறைத்தால் ‘நார்மல்’ மாடல் ஆகலாம் என்கிறார் ஒருவர். பத்து கிலோ ஏற்றினால்தான் ‘கரெக்ட் பிளஸ்’ என்கிறார் அதே ஏஜென்சியில் இன்னொருவர்.

வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில் என்னைக் ‘குஷ்பு இட்லி’ என்று கூப்பிட்டு எல்லோரும் சிரித்ததிலிருந்து அப்பா முன்னால் உடம்பு சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சையும் நான் எடுப்பதில்லை.

முந்தானை:

தங்கச்சி, முதலில் அந்த 15,000-ஐ அனுப்பாதே. மிச்சத்தை நிதானமாகப் பேசலாம்.

ஏஜென்சி என்றால் நமக்கு வேலை பிடித்துக் கொடுத்து, வருகிற சம்பளத்தில் கமிஷன் எடுத்துக்கொள்வது. என் ஏஜென்சி 20 சதவீதம் எடுக்கிறது. எனக்கு வேலை இல்லாத மாதம் அவர்களுக்கும் என்னால் வரும்படி இல்லை, அதனால் அவர்களே நாலு இடத்தில் கேட்டு வைப்பார்கள். உன்னிடம் முதலிலேயே 45,000 வாங்கிவிட்டால் அப்புறம் உனக்காக அலைய அவர்களுக்கு என்ன தலையெழுத்து? உபதேசம் என்று நினைக்காதே. 2017-ல் இரண்டு வளையலை அடகு வைத்து 30,000 கட்டியவள் நான். கிடைத்தது ஒரு பென்டிரைவ். உள்ளே அறுபது படம், அறுபதிலும் கன்னத்தில் கையை வைத்து என்னை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே ஒன்றிலும் தெரியவில்லை. பிளஸ் சைஸ் மாடலின் ஆல்பத்தில் உடம்பையே காணோம்!

நான் வந்த வழியைச் சொல்கிறேன். தி.நகரில் ஒரு பட்டுக்கடையில் நாலு வருஷம் சேல்ஸில் இருந்தேன். கல்யாணப் புடவை எடுக்க ஒரு கூட்டம் வரும். மணப்பெண் ஒல்லியாக இருப்பாள், அவளுக்கு ஒல்லியான பெண்ணின் தோளில் போட்டுக் காட்டுவார்கள். கூட வந்த அம்மா, அத்தை, பெரியம்மா எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டுவார்கள்: “அந்தப் பொண்ணு மேல போட்டுக் காட்டச் சொல்லுங்க.” அகலக் கரை என் உயரத்தில் எங்கே வந்து விழுகிறது, டிஷ்யூ பட்டு இடுப்பில் எவ்வளவு உப்புகிறது, கொசுவம் எத்தனை மடிப்பு நிற்கிறது, இதையெல்லாம் அவர்கள் தங்கள் உடம்பில் பார்ப்பதுபோல என் மேல் பார்த்துவிட்டு வாங்கிப் போவார்கள். ஒரு முகூர்த்த சீசன் நாளில் முப்பது நாற்பது புடவை தோளில் ஏறி இறங்கும். அப்போதே நான் பார்த்தது மாடலிங் வேலைதான், சம்பளம் மட்டும் மாதம் 9,000.

2016 ஆகஸ்டில் மும்பை லக்மே ஃபேஷன் வீக்கில் டிசைனர் ஷில்பா சவான் பிளஸ் சைஸ் மாடல்களை மட்டுமே வைத்து ஒரு ஷோ செய்தார். அந்த மேடைக்கு அது முதல் தடவை. கடையின் சாப்பாட்டு அறையில் ஒரு கையில் டிபன் பாக்ஸும் ஒரு கையில் போனுமாக அந்தப் படங்களைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நம்மை மாதிரி உடம்பு, வெளிச்சத்தில், நிமிர்ந்து நடக்கிறது. நானும் நடப்பேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

நடந்தேனா? ஒன்பது வருஷத்தில் மூன்று தடவை. மூன்றும் கல்லூரி டிசைன் மாணவர்களின் ஷோ, அதில் ஒன்றுக்குப் பணமே இல்லை, ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். என் வீட்டு வாடகையைக் கட்டியது நைட்டி. ஆமாம், நைட்டிதான். அப்புறம் கர்ப்பிணிகளுக்கான உடை, உள்ளாடை, ஆன்லைன் கடைகளின் குர்தி, லெக்கிங்ஸ். துணிக்கடைக்கு வருகிற பெண்களில் நம் அளவுக்காரர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். அவர்களுக்கு விற்க வேண்டும் என்றால் நம்மைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பிளஸ் சைஸ் மாடல் ஆஷ்லி கிரகாமை எல்லோரும் 2016-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் நீச்சலுடை இதழின் அட்டையில்தான் பார்த்தோம். அந்தப் பெண்ணை அமெரிக்காவின் ஒமாஹா ஊர் ஷாப்பிங் மாலில் ஏஜென்ட் ஒருவர் பார்த்துப் பிடித்தபோது அவளுக்கு வயது 12. நடுவில் இருந்த வருஷங்களில் பெரும்பாலும் உள்ளாடை, கேட்டலாக் என்றுதான் ஓடியிருக்கிறது. அட்டையைப் பார்த்து ஆசைப்படலாம், கேட்டலாக்கை நம்பிக் கடன் வாங்கலாம். வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

மும்பைக்குக் குடி போக வேண்டாம். மிந்த்ரா மாதிரி ஆன்லைன் கடைகள் பெங்களூரில் இருப்பதால் ஸ்டூடியோக்களும் அங்கே நிறைய. ராத்திரி ரயில் ஏறினால் காலையில் வேலைக்குப் போய்விடலாம். நானும் அப்படித்தான் போய் வருகிறேன்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வா. காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழுவரை 45 உடை. ஒவ்வொன்றுக்கும் முன், பக்கம், பின், துணியின் நெருக்கம், அப்புறம் ஒரு சுற்று சுற்றிக் காட்டும் வீடியோ. எட்டு நிமிஷத்துக்கு மேல் ஒரு உடைக்குக் கிடையாது. முதல் தடவை போனபோது வந்த துணிகளில் பாதி 4 எக்ஸ்எல், நான் டபுள் எக்ஸ்எல். உதவிக்கு இருந்த பெண் ஒரு சின்ன சூட்கேஸைத் திறந்தாள். உள்ளே ஸ்பாஞ்சுத் துண்டுகள்: தொடைக்கு இரண்டு, பின்பக்கத்துக்கு இரண்டு, வயிற்றுக்கு ஒன்று. எல்லாவற்றையும் வைத்து மேலே ஒரு சைக்கிளிங் ஷார்ட்ஸை ஏற்றிவிட்டாள். ஏசியிலும் வியர்த்துக் கொட்டியது. ஏனம்மா, 4 எக்ஸ்எல் பெண்ணையே கூப்பிட்டிருக்கலாமே என்றேன். “முகம் ஷார்ப்பா வராதுக்கா” என்றாள். புரிகிறதா? தாடைக் கோடு தெரிய வேண்டும், கழுத்து நீளமாக இருக்க வேண்டும், இடை உள்வாங்க வேண்டும், அதற்கு மேலும் கீழும் மட்டும் சதை. குண்டாக இருக்கலாம், ஆனால் அவர்கள் சொல்கிற இடத்தில் மட்டும். ஆகவே ஏற்று, இறக்கு என்று சொல்பவர்கள் பேச்சைக் காதில் வாங்காதே. இன்றைக்கு உன் அளவு எதுவோ அதுதான் உன் சரக்கு, அதை அப்படியே வைத்திரு. அளவை மாற்றிக்கொண்டே இருப்பவளை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் நல்ல கறுப்பு. நம் ஊர்ப் பட்டுப்புடவை விளம்பரத்துக்கே வடக்கிலிருந்து வெளுத்த பெண்ணை விமானத்தில் கூட்டி வருகிற ஊர் இது. குண்டு என்று கழித்தார்களா கறுப்பு என்று கழித்தார்களா என்று பல இடங்களில் எனக்கே தெரியாது. கேட்டாலும் “லுக் மேட்ச் ஆகலை” என்றுதான் பதில்.

ஒரு கடை (பெயர் வேண்டாம்) பாலும் பழமும் கட்டம் போட்ட பட்டுக்கு என்னைப் படம் எடுத்தது. அசலாக வந்திருந்தது. அச்சாகி வந்தபோது என் இடுப்பு பாதியாகியிருந்தது. கம்ப்யூட்டரில் நசுக்கிவிட்டார்கள். அதை முதலில் கண்டுபிடித்தது நானில்லை, கடைக்குச் சரக்கு கொண்டு வந்திருந்த ஒரு காஞ்சிபுரத்துப் பெரியவர். படத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, “இடுப்பாண்ட மட்டும் கட்டம் ஏம்மா சின்னதாயிருக்கு? நான் அப்படி நெய்யலையே” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நம் உடம்புக்கு இல்லாத மரியாதையை அந்த மனுஷர் கட்டத்துக்குக் கேட்டார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. கறுப்பு டைட் பனியன், கறுப்பு லெக்கிங்ஸ், வெறுங்கால், மேக்கப் இல்லை, தலையை இழுத்துக் கட்டு. வெள்ளைச் சுவர் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில், யாரையாவது போனில் எடுக்கச் சொல்: முகம், முன், பக்கம், பின், ஒரு நடை வீடியோ. இதைத்தான் தொழிலில் டிஜிட்டல்ஸ் என்பார்கள். ஏஜென்சி முதலில் கேட்பது இதைத்தான். செலவு பூஜ்ஜியம். அப்புறம் புதிதாக வரும் போட்டோகிராபர்களும் மேக்கப் படிக்கும் பெண்களும் ஆளுக்கொரு ஆல்பம் தேடி அலைவார்கள், அவர்களோடு பணம் வாங்காமல் கொடுக்காமல் நாலு செட் எடு. தோழியின் குர்தி படங்கள் இருக்கிறதே, அதை மறந்துவிடாதே. விற்றுக் காட்டிய படம் அது.

கையெழுத்துப் போடும்முன் படத்தை எங்கே, எத்தனை மாதம் பயன்படுத்துவார்கள் என்று எழுதி வாங்கு. ஆறு மாதம் இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் என்று சொல்லி எடுத்த என் படம் ஒன்று இரண்டு வருஷம் கழித்து விழுப்புரம் போகிற வழியில் ஃப்ளெக்ஸில் நின்றது. பஸ் ஜன்னலிலிருந்து என்னையே பார்த்தேன், பத்தடி உயரம். ஒரு பைசா வரவில்லை. பணம் வருவதற்கு 60 நாள், 90 நாள் ஆகும், அதனால் வங்கி வேலையை இப்போதைக்கு விடாதே. பத்து சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடிப்பார்கள், அது உன் வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்.

முதல் சில ஷூட்டுகளுக்கு அம்மாவைக் கூட்டிப் போ. உடை மாற்றத் தனி அறை இல்லை என்றால் திரும்பி வந்துவிடு, வெட்கப்படாதே. சித்தப்பாவைப் பற்றி என்னிடம் யோசனை இல்லை. அடுத்த பந்தியில் அவர் இலைக்கு இட்லி வைக்காமல் போகச் சொல்லலாம்.

திருப்பூர் பேட்டர்ன்:

அந்தக்கா சொன்னதெல்லாம் சரிங்க. கேமரா இல்லாத ஒரு வேலை இருக்குது, அதைப் பத்தி யாரும் பேசறதில்லை, அதான் எழுதறேன். நான் 14 வருஷமா ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பேட்டர்ன் பார்க்கிறேன், துணி வெட்டறதுக்குப் பேப்பரில் அளவு வரையற வேலைங்க.

ஒரு ஸ்டைலுக்கு முதலில் ஒரே சைஸில் சாம்பிள் போடுவோம், பெரும்பாலும் எம். அது சரியானதும் அதிலிருந்து அளவைக் கூட்டிக் குறைத்து மற்ற சைஸெல்லாம் எடுப்போம், கிரேடிங் என்போம். எல், எக்ஸ்எல் வரைக்கும் பிரச்சினை இல்லீங்க. அதற்கு மேலே போனால்தான் தொல்லை. பேப்பரில் எல்லாப் பக்கமும் கூடும், உடம்பு அப்படிக் கூடாது. நெஞ்சு ஆறு இன்ச் கூடியவங்களுக்குத் தோள் எலும்பு ஆறு இன்ச்சா நீளும்? கழுத்தை அதே கணக்கில் அகலப்படுத்தினால் சட்டை தோளை விட்டு நழுவும். ஆர்ம்ஹோல் (கையைச் சேர்த்துத் தைக்கற வட்டம்) தொங்கும், ஆனால் கை மேல்சதையில் பிடிக்கும். குண்டாக இருக்கிறவங்க “எனக்கு ரெடிமேட் எதுவுமே செட் ஆகாது”ன்னு தன் உடம்பைக் குறை சொல்றாங்களே, தப்பு எங்க பேப்பரில்தானுங்க.

அதனால் விவரமான பையர்கள் (எங்ககிட்ட ஆர்டர் கொடுத்து வாங்கற கம்பெனிக்காரங்க) பெரிய சைஸுக்குத் தனியாக ஒரு அடிப்படை சைஸ் வைத்து, அந்த அளவில் உயிருள்ள ஆளுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வாங்க. அவங்கதான் ஃபிட் மாடல். பொம்மை உட்காராது, கையைத் தூக்காது, “இங்கே இழுக்குது”ன்னு வாயைத் திறந்து சொல்லாது. பெங்களூர், சென்னைப் பக்கம் பையிங் ஆபீஸ்களில் இந்த வேலை உண்டு, மணிக்கணக்கில் சம்பளம். அழகு, நிறம் யாரும் கேட்க மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் இன்ச் டேப் வைத்து அளப்போம், அரை இன்ச் மாறினாலும் எங்க வேலை கெட்டுப்போகும்.

முன்னே எங்க கம்பெனிக்கு ஒரு டீச்சரம்மா வருவாங்க, சனிக்கிழமை மட்டும். டி-ஷர்ட்டைப் போட்டுட்டு போர்டில் எழுதற மாதிரி கையைத் தூக்குவாங்க, அடிப்பக்கம் ஏறி வயிறு தெரியும். “இது எனக்கு வேலைக்காகாதுங்க தம்பி, பசங்க சிரிப்பாங்க”ன்னாங்க. முன்பக்கம் மட்டும் முக்கால் இன்ச் இறக்கினோம். அந்த ஸ்டைல் நாலு சீசன் ரிப்பீட் ஆர்டர் வந்துச்சு.

நம்ம நாட்டுக்குன்னு சொந்த சைஸ் சார்ட் இல்லாமல்தான் இத்தனை காலம் ஓட்டினோம், அமெரிக்க சார்ட், பிரிட்டன் சார்ட் வைத்து. நிஃப்ட்னு மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி இருக்குதுங்களே, அவங்க ‘இந்தியா சைஸ்’னு ஒரு திட்டம் எடுத்து 15 முதல் 65 வயது வரைக்கும் 25,000 பேரை ஆறு நகரத்தில் ஸ்கேனரில் அளக்கறதாகச் சொல்லி ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி அளவு கைக்கு வந்தால் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு எங்க தொழிலில் வேலை கூடும்ங்க.

கணக்குப்பிள்ளை:

ஆசையைக் கெடுக்க வரவில்லை, இரண்டு எண்ணிக்கை மட்டும். 2020 செப்டம்பரில் மிலானில் இத்தாலிய ஃபேஷன் நிறுவனம் வெர்சாசே தன் மேடையில் பிரெஷஸ் லீ, ஜில் கோர்ட்லெவ், ஆல்வா கிளேர் என்று மூன்று பிளஸ் சைஸ் மாடல்களை நடக்கவிட்டபோது இனி எல்லாம் மாறிவிடும் என்றார்கள். 2023-ல் லண்டனில் ஃபேஷன் அவார்ட்ஸின் ‘ஆண்டின் சிறந்த மாடல்’ விருது பிளஸ் சைஸ் மாடல் பலோமா எல்செஸருக்குக் கிடைத்தது. 2025 வசந்த-கோடைப் பருவத்துக்கு நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் நான்கு ஊரிலும் மேடையேறிய 8,763 உடைகளை வோக் பிசினஸ் என்கிற ஃபேஷன் தொழில் இதழ் எண்ணிப் பார்த்தது. பிளஸ் சைஸ் மாடல் போட்டு வந்தது 0.8 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 70 உடை. இளைக்கும் ஊசி வந்த பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

முந்தானை அக்கா சொன்ன கட்டம் விஷயத்துக்கு ஒரு துணைத் தகவல். பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல், விளம்பரத்தில் மாடலின் உடலைக் கணினியில் மெலிய வைத்தாலோ பெருக்க வைத்தாலோ ‘திருத்திய படம்’ என்று அதிலேயே போட வேண்டும், சட்டம். இங்கே அந்தச் சட்டம் இல்லை, காஞ்சிபுரத்துப் பெரியவர்தான் இருக்கிறார்.

முந்தானை:

தம்பி, 8,763-ல் நம் ஊர் நைட்டி ஒன்றும் இல்லை, அதையும் எண்ணிக்கொள். மேடை சுருங்குவது நிஜம்தான். என் பெங்களூர் வேலைகூடப் போன வருஷத்தைவிடக் குறைவு. மூன்று நாள் வந்த இடத்தில் இரண்டு நாள். அதை மறைக்கவில்லை.

ராயபுரம் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்சிக்குப் பணம் அனுப்பவில்லை. “கமிஷன் எடுத்துக்கொள்ளுங்கள், முன்பணம் தர மாட்டேன்” என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. “உங்க சைஸுக்கு நாங்க வாய்ப்பு தர்றதே பெரிசு” என்றார். வைத்துவிட்டேன்.

நேற்று அம்மா அளவெடுத்தாள். மார்பு 43, இடை 37, சீட் (பின்பக்கச் சுற்றளவு) 47 இன்ச். என் ஜாக்கெட்டைத் தைக்கிற டெய்லர் மாஸ்டர் நோட்டில் மூன்று வருஷம் முன் எழுதியதும் கிட்டத்தட்ட இதேதான். நான் பெருத்துக்கொண்டே போகிறேன் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், நோட்டு அப்படிச் சொல்லவில்லை! திருப்பூர் அண்ணா, இந்த அளவுக்கு ஃபிட் மாடல் வேலை தேறுமா? அக்கா, டிஜிட்டல்ஸ் எடுக்க வெள்ளைச் சுவர் எங்கள் வீட்டில் கிடையாது, எல்லாமே பச்சை.

திருப்பூர் பேட்டர்ன்:

தாராளமாகத் தேறுமுங்க. மூணு வருஷமா மாறாத அளவுன்னா பையர் ஆபீஸில் சந்தோஷப்படுவாங்க. கை மேல்சதை, தொடை, தோளிலிருந்து நெஞ்சு முனை வரைக்கும், முன் உயரம், பின் உயரம் இதையும் எடுத்து வையுங்க. ஒரே டேப்பில் எடுங்க, துணி டேப் நாளாக நாளாக இழுத்துக்கும். புதுசு பத்து ரூபாய்தானுங்க.

முந்தானை:

பச்சைச் சுவர் வேண்டாம், முகத்தில் பச்சை அடிக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய எட்டு முழ வேட்டி வீட்டில் இருக்கும், கரை வெளியே தெரியாமல் கட்டி ஆணி அடித்துத் தொங்கவிடு. வேட்டி கேட்கிற சாக்கில் அப்பாவிடமும் சொல்லிவிடு.